சத்தத்தைக் கூட்டாமல் சொல்லைத் தெளிவாக்குதல்: முதிர்ந்த செவிகளுக்கான ஒலிச்சீரமைப்பு வழிகாட்டி

சுங்கை சிப்புட்டில், தோட்டத்து லயத்தை விட்டு வந்து குடியேறிய எங்கள் வீட்டின் கூடத்தில், அப்பா மின்னல் எஃப்எம் செய்தியை வைத்தால் அது மூன்றாவது வீடு வரைக்கும் கேட்கும். அவ்வளவு உயர்த்தி வைத்தும், செய்தி முடிந்ததும் அவர் என்னைப் பார்த்துக் கேட்பது ஒன்றுதான்: "சத்தம் கேக்குதுய்யா, சொல்லுதான் விளங்கல. என்ன சொன்னாங்க?" செம்பனை எண்ணெய் ஆலையில் கொதிகலனுக்குப் பக்கத்திலேயே 27 ஆண்டுகள் நின்ற ஒருவர் சொல்லும் அந்த வாக்கியத்தை நான் பல காலம் முதுமையின் முணுமுணுப்பு என்றே எடுத்துக்கொண்டேன். ஒலியைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான், தம் காதுக்கு நேர்ந்ததை அவர் மிகத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார் என்பது புரிந்தது. சத்தம் என்பது வேறு, சொல் என்பது வேறு. ஒலியளவைக் கூட்டும் பொத்தான் முதலாவதை மட்டுமே கூட்டும்.

கைத்தொலைபேசியையும் இயர்ஃபோனையும் கையாளத் தெரிந்த, ஆனால் ஒலியியல் படித்திராத பிள்ளைகளுக்காகவும் பேரப்பிள்ளைகளுக்காகவும் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். மின்னிலக்க ஒலிச் செயலாக்கம் என்ற பெரிய துறையிலிருந்து, வீட்டில் ஒரு பெரியவர் வானொலியையும் தொலைபேசி அழைப்பையும் குடும்பத்தார் பேச்சையும் விளங்கிக் கேட்பதற்குத் தேவையான பகுதியை மட்டும் எடுத்து, எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே விளக்குகிறேன்.

சொல் ஏன் விளங்குவதில்லை

தமிழில் அ, ஆ, ஒ போன்ற உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழான தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. (ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண், அதன் அலகு ஹெர்ட்ஸ்.) ஒரு சொல்லை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் அடையாளமோ, பெருமளவு 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிக மெல்லியதாகவும் மிகக் குறுகிய நேரத்துக்கும் தோன்றி மறைகிறது. சகரத்தின் காற்றொலி 4,000 ஹெர்ட்ஸையும் தாண்டி நிற்பது. கனி, சனி, தனி, பனி என்ற நான்கையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். முதல் மெய்யை எடுத்துவிட்டால் நான்கும் ஒன்றே. உயர்ந்த அதிர்வெண்களை இழந்த செவிக்கு அவை ஏறத்தாழ அப்படித்தான் வந்து சேர்கின்றன.

உள்காதில் ஒலியை உணரும் உறுப்பு நத்தை ஓட்டைப் போலச் சுருண்டிருப்பதால் அதற்கு நத்தையோட்டைக் குறிக்கும் காக்ளியா என்ற பெயர் வந்தது. எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் சிப்புட் என்ற மலாய்ச் சொல்லுக்கும் நத்தை என்றுதான் பொருள். அதற்குள் ஏறத்தாழ 3,500 உள் மயிரணுக்கள் ஒலியை நரம்புக்குத் தெரிவிக்கின்றன. அவற்றோடு இருக்கும் ஏறத்தாழ 12,000 வெளி மயிரணுக்கள் மெல்லிய ஒலிகளைப் பெருக்கிக் கொடுக்கின்றன. வயதாலும் ஆலை இரைச்சலாலும் முதலில் அழிபவை பெரும்பாலும் இந்த வெளி மயிரணுக்களே, அதிலும் உயர்ந்த அதிர்வெண்களுக்குப் பொறுப்பான பகுதியில் இருப்பவையே. இரைச்சலில் நெடுநாள் வேலை செய்தவர்களின் செவிச் சோதனைத் தாளைப் பார்த்தால் 4,000 ஹெர்ட்ஸ் அருகில் கோடு பள்ளமாக இறங்கியிருக்கும்.

இத்தகைய செவிக்கு ஒலியளவை மட்டும் உயர்த்தினால், ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் தாழ்ந்த ஒலிகள் மேலும் பருத்து, மெல்லிய மெய்யொலிகளை மூடிவிடுகின்றன. ஆகவே நாம் செய்யப்போவது, பருத்ததைக் குறைத்து, இழந்ததை அளவோடு மீட்டு, மெல்லியதற்கும் பலமானதற்கும் இடையிலான தூரத்தைச் சுருக்குவது.

முதலில் மருத்துவரிடம்

எந்தச் செயலியையும் தொடும் முன், அருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் காதைக் காட்டிவிடுங்கள். குறும்பி அடைத்திருப்பது மட்டுமே காரணமாக இருந்தால் அதை எடுத்த அன்றே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். பஞ்சுக் குச்சியால் வீட்டில் குடைந்தால் அது மேலும் உள்ளே தள்ளப்படும். ஒரு காது மட்டும் மந்தமாக இருந்தாலோ, காதிலிருந்து நீர் வடிந்தாலோ, தலைசுற்றல் கூடவே வந்தாலோ மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ திடீரென்று கேட்காமல் போனால் அது அவசரம். சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நாளும் மீளும் வாய்ப்பைக் குறைக்கும் என்பதால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிளினிக் வழியாக மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டால் 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை செவியைச் சோதித்து ஒரு வரைபடம் தருவார்கள். அந்தத் தாளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் செய்யும் ஒவ்வொன்றுக்கும் அதுவே வழிகாட்டி.

ஒலி எண்களாக மாறும் விதம்

ஒலிவாங்கி தரும் மின்னலையைக் கருவி ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிக்கொள்கிறது. கேட்க வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரு மடங்குக்கு மேல் அளந்தால் அந்த அலையை எண்களிலிருந்து முழுமையாக மீட்டெடுக்கலாம் என்பதே இத்துறையின் அடித்தளம். ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் எழுதியதும் கிளாட் ஷானன் 1949-இல் நிறுவியதும் அதற்கு வேர்கள். மனிதச் செவியின் மேல் எல்லை 20,000 ஹெர்ட்ஸ் என்பதால், 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு நொடிக்கு 44,100 அளவுகளை எடுத்தது. காணொளிகளில் 48,000 வழக்கம். ஒவ்வோர் எண்ணுக்கும் 16 பிட், அதாவது 16 இரும இலக்கங்கள், இருந்தால், மிக மெல்லியதற்கும் மிகப் பலமானதற்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் (ஒலியின் பலத்தைக் குறிக்கும் அலகு) இடைவெளி கிடைக்கிறது.

96,000, 192,000 என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும் கருவிகளுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். 6,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தடுமாறும் செவிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இங்கே நமக்கு முக்கியமானது வேறு: ஒலி எண்ணாகிவிட்டால், குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் கூட்டுவதும் குறைப்பதும் கணக்குப் போடுவதைப் போன்றதுதான். கைத்தொலைபேசி அந்தக் கணக்கை எளிதாகச் செய்யும்.

முதல் படி: ஒலி வரும் வழியைச் சரிசெய்தல்

ஒலி வந்து சேரும்போதே கெட்டிருந்தால் எந்தக் கணக்கும் அதை மீட்காது. பழைய தொலைபேசி முறையில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலி மட்டுமே அனுப்பப்படுகிறது. மேலே சொன்ன சகரத்தின் இடம் அந்த எல்லைக்கு வெளியே இருப்பதைக் கவனியுங்கள். மலேசியாவில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்ட பிறகு, வோல்ட்டி (VoLTE, 4ஜி வழியாகவே அழைப்பைக் கொண்டு வருவது) வசதி இல்லாத அல்லது அது அணைக்கப்பட்டிருக்கும் கைத்தொலைபேசியில் அழைப்புகள் 2ஜி-க்கு இறங்கி அந்தக் குறுகிய வழியில்தான் வருகின்றன. வோல்ட்டி இயங்கினால் ஏறத்தாழ 7,000 ஹெர்ட்ஸ் வரை ஒலி வரும். ஆகவே பெரியவரின் தொலைபேசியில் சிம் அமைப்புக்குள் சென்று வோல்ட்டி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். "கோலாலம்பூர்ல இருக்கிற தம்பி போன் பண்ணா ஒன்னும் விளங்கல" என்று அப்பா சொல்லி வந்தது இந்த ஒரு பொத்தானிலேயே பாதி தீர்ந்தது.

அடுத்து இயர்ஃபோன். காதின் துளையை மென்மையாக அடைக்கும் சிலிக்கான் முனை உள்ளதையே வாங்குங்கள். மூன்று அளவு முனைகள் வருபவை நல்லது. முனை தளர்ந்திருந்தால் வெளி இரைச்சல் உள்ளே புகுந்து, ஒலியளவைக் கூட்டச் சொல்லும். வானொலிக்கும் பதிவுகளுக்கும் புளூடூத் போதும். ஆனால் எதிரில் இருப்பவரின் பேச்சை ஒலிவாங்கி வழியாக அப்போதே கேட்பதற்குக் கம்பி இணைப்பே ஏற்றது. சாதாரண புளூடூத் இயர்ஃபோனில் ஒலி வந்து சேர 100 முதல் 250 மில்லிநொடிகூட ஆகும். வாய் அசைந்த பிறகு சொல் வந்தால், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கமும் குழம்பிப் போகும். முறையான காது கேட்கும் கருவிகளில் இந்தத் தாமதம் பெரும்பாலும் 10 மில்லிநொடிக்குள் இருக்கும்படி அமைக்கிறார்கள்.

ஒரு காது மற்றதைவிட மந்தமாக இருந்தால், தொலைபேசியின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஒலியைத் திறந்துவிடுங்கள். இடக் காதுக்கு மட்டும் வரும் பேச்சு அப்போது இரண்டிலும் வரும்.

இரண்டாம் படி: இருபது சொல் சோதனை

எதையும் மாற்றுவதற்கு முன் இப்போதைய நிலையை அளந்துகொள்வது அவசியம். "இப்ப நல்லா இருக்கா?" என்று கேட்டால் பெரியவர்கள் பிள்ளையின் மனம் நோகக்கூடாதென்று "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள்.

கட்டி, சட்டி, தட்டி, பட்டி. கனி, சனி, தனி, பனி. காய், சாய், தாய், பாய். கடை, சடை, தடை, படை. கரி, சரி, தரி, பரி. இந்த இருபது சொற்களையும் வரிசை மாற்றிக் கலைத்து, அமைதியான அறையில், ஒரே தொனியில், சொல்லுக்கு ஐந்து நொடி இடைவெளி விட்டுத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் நீங்களே நேரில் படித்தால் உங்கள் குரல் மாறிவிடும், உதடும் தெரிந்துவிடும். அதனால்தான் பதிவு வேண்டும். கலைத்த வரிசையில் மூன்று பதிவுகள் இருந்தால், மனப்பாடம் ஆகிவிடும் என்ற கவலையும் இல்லை. பெரியவர் தாம் கேட்ட சொல்லைத் திருப்பிச் சொல்லட்டும், நீங்கள் சரியானதை எண்ணுங்கள்.

நான்கில் ஒன்றைக் குத்துமதிப்பாகச் சொன்னாலே இருபதுக்கு ஐந்து கிடைத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே ஓரிரு சொல் கூடுவதை முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நான்கைந்து சொல் கூடினால்தான் நம்பலாம். அப்பாவுக்கு முதல் நாள் 9 வந்தது. தவறிய பதினொன்றில் பெரும்பாலானவை சகரமும் தகரமும். எந்த எழுத்து தவறுகிறது என்பதையும் குறித்துக்கொண்டால் அடுத்த படி எளிதாகும்.

மூன்றாம் படி: ஈக்வலைசர்

ஒலியை அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் தனித்தனியே கூட்டவும் குறைக்கவும் உதவுவது ஈக்வலைசர். இதுவே இந்த வேலையின் நடுநாயகம் என்பதால் சற்று நிதானமாகச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு தொலைபேசியில் வேவ்லெட் போன்ற செயலியும், விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளும் எல்லா ஒலிக்கும் ஈக்வலைசரைப் பொருத்துகின்றன. ஐஃபோனில், அதற்கேற்ற இயர்ஃபோன் இருந்தால், அணுகல்தன்மைப் பகுதியில் உள்ள ஹெட்ஃபோன் அக்காமடேஷன்ஸ் அமைப்பு செவிச் சோதனை வரைபடத்தையே வாங்கிக்கொண்டு ஒலியைத் தானாகச் சீர்செய்யும்.

நான் முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸில் பெரிய இழப்பைக் கண்டவுடன் அந்தப் பட்டையை 12 டெசிபல் ஏற்றினேன். பத்தே நிமிடத்தில் அப்பா இயர்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "ஊசியால குத்துற மாதிரி இருக்குய்யா" என்றார். அதன் பிறகு ஒரு வாரம் அவர் அதைத் தொடவே இல்லை. இத்தனை ஆண்டுகள் கேளாமல் இருந்த ஒலியை மூளை மீண்டும் பழகிக்கொள்ள வாரக்கணக்கில் நேரம் வேண்டும். அதை நான் கொடுக்கவில்லை.

ஆகவே குறைப்பதிலிருந்து தொடங்குங்கள். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சுக்குத் தேவையானது எதுவுமில்லை, லாரி உறுமலும் மின்விசிறியின் முழக்கமும்தான் இருக்கும். 60 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள பட்டையை இறக்கிவிடலாம். 250 ஹெர்ட்ஸ் அருகில் 3 அல்லது 4 டெசிபல் குறையுங்கள். குரலின் கனம் அங்கேதான் இருக்கிறது, மெய்யொலியை மூடுவதும் அதுவே. இவ்வளவு செய்துவிட்டு இருபது சொல் சோதனையை ஒரு முறை ஓட்டுங்கள். எதையும் ஏற்றாமலேயே இரண்டு மூன்று சொற்கள் கூடியிருக்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து இன்னும் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிறகு 2,000 ஹெர்ட்ஸில் 2 டெசிபலும் 4,000 ஹெர்ட்ஸில் 3 டெசிபலும் ஏற்றி, மூன்று நாள் அப்படியே விடுங்கள். தொந்தரவு இல்லையென்றால் அடுத்த மூன்று நாளுக்கு 2,000-இல் 3, 4,000-இல் 5 என்று போகலாம். எவ்வளவு வரை போகலாம் என்பதற்குப் பழைய விதி ஒன்று உதவும். 1940களில் சாமுவேல் லிபார்கர் என்ற பொறியாளர், செவி இழந்த டெசிபலில் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று கண்டார். முழு இழப்பையும் ஈடுசெய்தால் பலமான ஒலிகள் தாங்க முடியாதவையாகிவிடும். 4,000 ஹெர்ட்ஸில் இழப்பு 30 டெசிபல் என்றால் 15 வரை என்பது அந்த விதியின் கணக்கு. வீட்டில் செய்யும்போது 8-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு மேல் தேவைப்படும் செவிக்கு முறையான கருவிதான் வேண்டும். 8,000 ஹெர்ட்ஸ் பட்டையை 2 டெசிபலுக்கு மேல் ஏற்றாதீர்கள். மயிரணுக்கள் முற்றிலும் அழிந்த பகுதிக்கு எவ்வளவு ஒலியைச் செலுத்தினாலும் சொல் கிடைக்காது, கீச்சொலிதான் கிடைக்கும்.

இன்னொன்று, பலர் தவறவிடுவது: எந்தப் பட்டையை அதிகமாக ஏற்றினீர்களோ அந்த அளவுக்கு முன்பெருக்கத்தை (செயலியில் ப்ரீஆம்ப் என்று இருக்கும் மொத்த ஒலியளவை) குறைக்க வேண்டும். 4,000-இல் 6 டெசிபல் ஏற்றியிருந்தால் முன்பெருக்கம் கழித்தல் 6. எண்களுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அதைத் தாண்டும் அலையின் தலை வெட்டப்பட்டுக் கரகரப்பாகிவிடும், அந்தக் கரகரப்போ நாம் தெளிவாக்க முயலும் அதே உயர்ந்த அதிர்வெண்களில்தான் வந்து விழும்.

இரண்டு வாரம் இப்படிப் படிப்படியாகச் சென்றபின் அப்பாவின் எண்ணிக்கை 14-இல் வந்து நின்றது. வானொலியின் ஒலியளவை அவராகவே இறக்கி வைத்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிய சான்றாக இருந்தது.

நான்காம் படி: மெல்லியதையும் பலமானதையும் நெருக்குதல்

வெளி மயிரணுக்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கும் வேலையைச் செய்கின்றன என்று சொன்னேன். அவை அழிந்தால் மெல்லிய ஒலி கேளாது, ஆனால் பலமான ஒலி முன்பு இருந்தபடியே பலமாக இருக்கும். "சத்தமா பேசுன்னு சொல்றது, பேசினா ஏன் கத்துறேன்னு கேக்குறது" என்று வீட்டில் வரும் சலிப்புக்கு அடிப்படை இதுதான். பெரியவர் முன்னுக்குப்பின் முரணாகப் பேசவில்லை. அவருடைய செவியில் கேட்பதற்கும் வலிப்பதற்கும் இடையிலான இடம் குறுகிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நான் அவரிடம் கோபப்பட்டதில்லை.

அகன்ற ஒலியளவை அந்தக் குறுகிய இடத்துக்குள் மடித்து வைக்கும் கருவி கம்பிரசர். ஒரு வாசலளவை நிர்ணயித்து, அதைத் தாண்டும் ஒலியை மட்டும் குறிப்பிட்ட விகிதத்தில் அமுக்குகிறது. எண்களின் உச்சவரம்பைச் சுழி என்று கொண்டு, அதற்குக் கீழான பலத்தைக் கழித்தலில் குறிப்பார்கள். வாசலளவு கழித்தல் 30 டெசிபல், விகிதம் 2-க்கு 1 என்று வையுங்கள். கழித்தல் 30-இல் பேசும் பேத்தியின் குரல் அப்படியே இருக்கும். கழித்தல் 10-இல் முழங்கும் விளம்பர இசை வாசலை 20 டெசிபல் தாண்டியிருப்பதால் அதில் பாதி அமுக்கப்பட்டுக் கழித்தல் 20-க்கு வரும். இரண்டுக்கும் இடையிலிருந்த 20 டெசிபல் தூரம் 10 ஆகிவிட்டது. இப்போது மொத்தத்தையும் 8 டெசிபல் உயர்த்தினால் பேத்தியின் குரல் கேட்கும், இசையும் முன்பைவிடக் குறைந்தே இருக்கும்.

கம்பிரசர் எவ்வளவு விரைவாக அமுக்க வேண்டும், எவ்வளவு நேரத்தில் விட வேண்டும் என்று இரு நேரங்களும் உண்டு. தட்டு கீழே விழும் ஒலி காதைத் தாக்கும் முன் அமுக்க வேண்டும் என்பதால் முதலாவது 5 மில்லிநொடி அளவில் இருக்கட்டும். இரண்டாவதை 100 முதல் 200 மில்லிநொடிக்கு வையுங்கள். மிகக் குறைத்தால் சொற்களின் ஏற்ற இறக்கம் தட்டையாகி, மெய்யும் உயிரும் ஒரே பலத்தில் ஒலித்து, பேச்சின் உயிரோட்டம் போய்விடும். விகிதத்தையும் 3-க்கு 1-ஐத் தாண்ட விடாதீர்கள்.

தொலைக்காட்சியில் தனியாகச் செயலி வேண்டியதில்லை. பல பெட்டிகளின் ஒலி அமைப்பில் இரவு நேர ஒலி, தெளிவான குரல் என்ற பொருள்படும் தேர்வுகள் இருக்கின்றன. முதலாவது பெரும்பாலும் கம்பிரசர், இரண்டாவது பேச்சுப் பகுதியை உயர்த்தும் ஈக்வலைசர்.

இரைச்சலை நீக்குவதில் எதை எதிர்பார்க்கலாம்

தகரக் கூரையில் பேரா மழை கொட்டும்போது பேச்சைத் தெளிவாக்கித் தரும் செயலி எதுவும் இல்லை. மழையின் இரைச்சல் எல்லா அதிர்வெண்களிலும் பரவி, மெய்யொலிகளின் இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. ஓர் ஒலிவாங்கியை மட்டும் வைத்து இரைச்சலைக் குறைக்கும் முறைகள் கேட்பதற்கு இதமாக்கும். சொல்லைப் பெரிதாக விளங்க வைப்பதில்லை. உண்மையில் பயன் தருவது ஒலிவாங்கியைப் பேசுபவரின் அருகில் கொண்டுபோவது. தூரம் பாதியானால் நேரடி ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது, சுற்று இரைச்சல் கூடுவதில்லை. கோயில் மண்டபத்திலோ கல்யாணப் பந்தியிலோ, 2019-இல் கூகுள் வெளியிட்ட சவுண்ட் ஆம்ப்ளிஃபையர் போன்ற செயலியைத் திறந்து, தொலைபேசியைப் பேசுபவர் பக்கம் மேசையில் நகர்த்தி வைத்து, இயர்ஃபோன் வழியாகக் கேட்பது அதனால்தான் வேலை செய்கிறது.

பதிவுகளுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. கோயில் சொற்பொழிவையோ உறவினரின் குரற்பதிவையோ, 2000-ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைத்து வரும் ஆடாசிட்டி மென்பொருளில் திறங்கள். பேச்சே இல்லாமல் இரைச்சல் மட்டும் உள்ள ஓரிரு நொடியைத் தேர்ந்து, இரைச்சல் குறைப்புப் பகுதியில் அதன் மாதிரியை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு முழுப் பதிவையும் தேர்ந்து 6 முதல் 9 டெசிபல் குறையுங்கள். அதற்கு மேல் போனால் தண்ணீருக்குள் குமிழி விடுவதுபோல் குரல் சிதறும். இரைச்சல் குறைப்பு முதலில், ஈக்வலைசர் அடுத்து, கம்பிரசர் கடைசியில் என்ற வரிசையை மாற்றாதீர்கள். கம்பிரசரை முதலில் போட்டால் மெல்லிய ஒலிகளோடு இரைச்சலும் எழுந்து நின்றுவிடும்.

மிஞ்சியிருக்கும் செவியைக் காத்தல்

நாம் பெருக்குவது ஏற்கெனவே பழுதான செவிக்கு என்பதால் எல்லை இன்னும் முக்கியம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. தொலைபேசியில் அதிகபட்ச ஒலியளவைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இருந்தால் சோதனையெல்லாம் முடிந்த நிலையில் அதைப் பூட்டி வையுங்கள்.

ஆலையிலும், புல்வெட்டும் இயந்திரத்தோடு தோட்டத்திலும் இன்று வேலை செய்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். 2019-ஆம் ஆண்டு இரைச்சல் வெளிப்பாட்டு விதிமுறைகளின்படி ஒரு நாளின் சராசரி இரைச்சல் 85 டெசிபலைத் தாண்டக் கூடாது. வேலையிடத்து இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் தொழில்சார் நோயாக ஏற்கப்பட்டிருக்கிறது. வேலை செய்த காலத்துக்கான சம்பளச் சீட்டுகளையும் செவிச் சோதனைத் தாள்களையும் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களுக்கே விண்ணப்பம் எளிதாகிறது.

முறையான கருவி வாங்கும்போது

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஒரு கடையில் 60 வெள்ளிக்கு வாங்கிய காதுப் பெருக்கியை அப்பா சில காலம் போட்டிருந்தார். அது எல்லா அதிர்வெண்களையும் ஒரே அளவில் பெருக்கியது, தலையைத் திருப்பினாலே கீச்சிட்டது. தட்டும் கரண்டியும் இடித்தால் முகத்தைச் சுளிப்பார், பேச்சு மட்டும் முன்போலவே விளங்காமல் இருந்தது. அதற்கும் முறையான கருவிக்கும் உள்ள வேறுபாடு உள்ளே நடக்கும் கணக்கில்தான் இருக்கிறது. 1996-இல் முழு மின்னிலக்கக் கருவிகள் விற்பனைக்கு வந்ததிலிருந்து, ஒலியைப் பல பட்டைகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அந்தச் செவியின் இழப்புக்கேற்பத் தனித்தனியாகப் பெருக்கி அமுக்குவதும், கீச்சொலி கிளம்பும்போதே அதை எதிர்த்து அழிப்பதும், இரண்டு ஒலிவாங்கிகளைக் கொண்டு முன்னால் இருப்பவரின் பேச்சை மட்டும் முன்னிறுத்துவதும் கட்டைவிரல் அளவுக் கருவிக்குள் நடக்கின்றன. நாம் மேலே இரண்டு படிகளில் கையால் செய்ததைத்தான் அது நொடிக்குப் பல முறை தானாகச் செய்கிறது.

செவித்திறன் நிபுணரிடம் போகும்போது, கருவியைக் காதில் பொருத்திய நிலையில் செவிப்பறையின் அருகே மெல்லிய குழல் வைத்து ஒலியை அளந்து சரிபார்ப்பீர்களா என்று கேளுங்கள். ஆஸ்திரேலியாவில் உருவான என்ஏஎல்-என்எல்2 போன்ற கணக்கு முறைகள் எவ்வளவு பெருக்கம் வேண்டும் என்று சொன்னாலும், அந்தக் காதின் வடிவத்தில் உண்மையில் எவ்வளவு சேருகிறது என்பது அளந்தால்தான் தெரியும். ஒரு முறை பொருத்தியதோடு முடியாது. இரண்டு மூன்று முறையாவது திருத்தத்துக்குப் போக வேண்டியிருக்கும். விலையே தடையாக இருந்தால், மாற்றுத்திறனாளி அட்டை பெற்றவர்களுக்கு உதவிக் கருவிகளுக்கான திட்டம் சமூகநல இலாகாவில் இருக்கிறது. மாவட்ட அலுவலகத்தில் கேட்கலாம்.

இருபது சொல் பதிவையும், எந்த எழுத்துகள் தவறின என்ற குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள். பல நிலையங்களில் பேச்சுச் சோதனை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் நடக்கும். அப்பாவுக்குச் சகரமும் தகரமும் மாறிப்போவதை எங்கள் தாளைப் பார்த்த பிறகே நிபுணர் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலிருந்த பட்டைகளைத் திருத்திக் கொடுத்தார்.

கடைசியாக, ஈக்வலைசரிலும் கம்பிரசரிலும் நிலைநிறுத்திய எண்களை ஓர் அட்டையில் எழுதித் தொலைபேசி உறைக்குள் செருகி வையுங்கள். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால் அமைப்புகள் அழிந்துபோவது உண்டு, அப்போது நீங்கள் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவர் அந்த அட்டையைப் பார்த்தே ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் திரும்ப அமைத்துக் கொடுத்துவிட முடியும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனையை மீண்டும் ஓட்டி, எண்ணிக்கையையும் தேதியையும் அதே அட்டையின் பின்புறத்தில் குறித்து வாருங்கள்.